ஏரிகலக்கி மகன்

செஞ்சியில் என்னோடு படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் தலைப்பைப் படித்ததுமே சிரித்திருப்பார்கள். எட்டாவதிலிருந்து பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் எனக்கு அதுதான் பெயர். ஹாஜர் எடுக்கும்போது வாத்தியார் கூப்பிட்ட பெயர் வேறு, மைதானத்தில் கூப்பிட்ட பெயர் இது. அறுபது வருஷத்துக்கு அப்புறம் அதைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அமெரிக்காவில் கிடைத்தது. அதுவும் ஒரு ஏரிக்கு மேலே, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானத்தில். கொஞ்சம் சுற்றித்தான் அங்கே போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க நைனாவுக்கு ஊர் சிங்கவரம் பக்கம். ரங்கநாதர் குன்றுக்குப் பின்னால் கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு கிணறு. கிணற்றில் பாதி வருஷம் தண்ணீர் இருக்காது. 1943இல் நைனாவுக்கு இருபத்தோரு வயது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், அரிசிக்குத் திண்டாட்டம். மெட்ராஸ் பக்கம் யுத்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, திண்டிவனம் வரை நடந்துபோய் ரயில் ஏறினாராம். போய்ச் சேர்ந்த இடம் செங்குன்றம் ஏரி. புழல் ஏரி, ரெட்ஹில்ஸ் என்றெல்லாம் சொல்வார்களே, அதுதான்.

அங்கே என்ன யுத்த வேலை என்று கேட்கலாம். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் அந்தமானைப் பிடித்துவிட்டான். ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும்கூட விழுந்தது. மெட்ராஸில் பாதி ஜனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு ஓடியது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வங்காள விரிகுடாவில் எதிரி எங்கே வருகிறான் என்று பார்த்துச் சொல்ல நாள் முழுக்க ஆகாயத்திலேயே சுற்றக்கூடிய விமானம் தேவைப்பட்டது. அதற்கென்றே இருந்தது கேட்டலினா. அது தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலேயே எழும்புகிற பறக்கும் படகு. இலங்கைக்குத் தெற்கே ஜப்பான் கப்பற்படை வருவதை 1942 ஏப்ரல் 4ஆம் தேதி முதலில் பார்த்துத் தகவல் கொடுத்ததும் கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினாதான். ஓட்டியவர் பர்ச்சால் என்ற கனடாக்காரர். அதே வகை விமானங்களைக் கொண்டுவந்து செங்குன்றம் ஏரியிலும் நிறுத்தினார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் அங்கேதான் இருந்தது.

இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. நைனாவுக்கு ஸ்குவாட்ரனும் தெரியாது, கேட்டலினாவும் தெரியாது. அவர் அதைக் 'கப்பல்' என்றுதான் சொல்வார்.

"கப்பலுக்கு ரெக்க ஒண்ணுதான். தலமேல ஒரே பலகையா இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் போவும். ரெக்க நுனியில ஒரு கட்ட தொங்கும், தண்ணியில மிதக்கறதுக்கு. மேல எழும்புனதும் அந்தக் கட்ட மடிஞ்சி மேல போய் ரெக்க நுனியாவே ஆயிடும்."

அந்த ரெக்கை 104 அடி நீளம். சொன்னால் யார் நம்புவார்கள்?

நைனாவுக்கு அங்கே இன்ன வேலை என்று கிடையாது. ஏரி நடுவில் கட்டிப்போட்டிருக்கும் விமானத்துக்குப் படகில் பெட்ரோல் கொண்டுபோக வேண்டும். மீன்காரர்கள் விட்ட வலையும் கட்டையும் இறங்கும் வழியில் மிதந்தால் எடுத்துப் போட வேண்டும். அந்த விமானத்துக்குச் சொந்தமாகச் சக்கரம் கிடையாது. ரிப்பேருக்குக் கரையேற்ற வேண்டுமானால் ஆட்கள் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி இரண்டு பக்கமும் சக்கரத்தைப் பிடித்து மாட்டுவார்கள், அப்புறம் டிராக்டர் இழுக்கும். இவ்வளவும் பரவாயில்லை, ஊரில் யாரும் பெரிதாக ஆட்சேபிக்கவில்லை. வம்பு வந்தது கடைசி வேலையால்தான்.

"விடியகாலம் காத்து இருக்காது. ஏரி அப்படியே பாதரசம் ஊத்தி வெச்சாப்ல கெடக்கும். அப்ப வந்து எறங்கறதுன்னா தொரைக்குப் பயம். மோட்டார் போட்டை எடுத்துக்கினு குறுக்கயும் நெடுக்கயும் ஓடி ஏரியக் கலக்கி வுடுவோம். அலை எழும்புனா கப்பல் எறங்கும். கண்ணாடித் தண்ணியில எறங்கவும் மாட்டான், எழும்பவும் மாட்டான்."

"தண்ணியக் கலக்கறதுக்குக் கூலியா? எங்க எருமை சும்மாவே கலக்குமே!" என்று யாரோ ஒரு கிழவர் திண்ணையில் சொன்னாராம். அன்றோடு நைனாவுக்கு 'ஏரிகலக்கி' என்று பெயர் வந்தது. தேசிங்கு ராஜாவின் பாராசாரிக் குதிரை ஆகாயத்தில் பாய்ந்ததை விடிய விடிய உட்கார்ந்து கேட்டுக் கண்ணீர் விடுகிற ஊர் இது. இரண்டு இஞ்சின் வைத்த படகு பறந்தது என்றால் நம்பவில்லை. அதைக்கூட நம்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரன் காசு கொடுத்து ஏரியைக் கலக்கச் சொன்னான் என்பதைத்தான் அவர்களால் ஜீரணிக்க முடியவில்லை. வெள்ளைக்காரன் பைத்தியக்காரனா என்ன?

நைனா கோபப்படுகிற ஆள் இல்லை. ஊரார் சிரித்தால் அவரும் சிரித்துக்கொண்டே திரும்ப அதே கதையைச் சொல்வார். சின்ன வயதில் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

1962இல் சீன யுத்தம் வந்தது. பள்ளிக்கூடத்தில் உண்டியல் வைத்து நிதி வசூலித்தார்கள். எங்கள் வகுப்பு வாத்தியார் ஒருநாள், "யார் வீட்டிலாவது யுத்தத்தில் வேலை செய்தவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். இரண்டு பேர் எழுந்து சித்தப்பா பட்டாளத்தில் இருக்கிறார் என்றார்கள். நானும் எழுந்தேன். கப்பல், ரெக்கை, மடிகிற கட்டை எல்லாம் சொல்லி, ஏரி கலக்கியதையும் சொன்னேன். வகுப்பு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வாத்தியாரும் சிரித்தார். சிரித்ததோடு நிற்கவில்லை, "உங்கப்பா யுத்தத்துல தண்ணி கலக்கினாரு, நீ பரீட்சையில என்ன கலக்கப் போற?" என்றார். ஊர்ப் பெயர் பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நைனா கிணற்று மேட்டில் உட்கார்ந்து கமலைக்கு வடம் முறுக்கிக்கொண்டிருந்தார். நான் புத்தகப் பையைக்கூட வைக்கவில்லை.

"இனிமே அந்தக் கதைய யார்கிட்டயும் சொல்லாத நைனா. மானம் போவுது. பொய்யின்னு எல்லாரும் சிரிக்கறாங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "சரிப்பா" என்றார். அவ்வளவுதான். வடத்தை முறுக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கதை கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், படித்து முடித்து நான் போய்ச் சேர்ந்ததும் ஏரி வேலைக்குத்தான். பொதுப்பணித்துறையில் ஓவர்சியர். மதகு, கலங்கல், கரை உடைப்பு, ஆயக்கட்டுத் தகராறு என்று முப்பத்தாறு வருஷம் ஓடியது. விடியற்காலையில் கரையில் நின்று கேஜ் பார்ப்பது பழகிப்போன வேலை. காற்றில்லாத நாளில் ராஜகிரி மலை அப்படியே தலைகீழாகத் தண்ணீரில் நிற்கும். எத்தனை தடவை பார்த்திருப்பேன்! ஒரு தடவைகூட நைனா சொன்னதோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

1984இல் ஆபீஸ் வேலையாகப் புழல் ஏரிக்குப் போனேன். 1876இல் கட்டியது, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். கரையில் ஒரு வயதான லஸ்கர் இருந்தார். யுத்தத்தின்போது இங்கே விமானம் வந்ததா என்று கேட்டேன். "வந்துதுங்களே, தண்ணியிலேயே எறங்கும், நான் சின்னப் பையன்" என்றார். சரி, அந்த வரைக்கும் நிஜம் என்று நினைத்துக்கொண்டேன். கலக்கியதைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. பொய் என்று அவர் சொல்லிவிட்டால்? இப்போது யோசித்தால் அதுதான் காரணம்.

வீட்டுக்கு வந்து, "செங்குன்றம் போயிருந்தேன் நைனா" என்றேன். திண்ணையில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். என்னவோ சொல்லப் போகிறார் என்று நின்றேன்.

"தண்ணி எவ்ளோ இருந்துது?" என்று கேட்டார்.

சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். 1988இல் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். என் மகன் ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோவில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. நாற்பத்தைந்து வயதில் அவனுக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் நாங்கள் போனபோது, நண்பர்கள் இரண்டு பேரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு விமானமே வாங்கியிருந்தான். பழைய விமானம்தான். ஃபோனில் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவன் அம்மா என்ன சொல்வாள் என்று தெரியும்.

விமானம் என்றால் நாம் மீனம்பாக்கத்தில் பார்ப்பது இல்லை. அமெரிக்காவில் 2004இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்களுக்கு 'லைட் ஸ்போர்ட்' என்று ஒரு தனி ரகம். நாங்கள் போனபோது இருந்த விதிப்படி இரண்டே இருக்கை. ஆட்கள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 600 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று இருந்தது. தண்ணீரில் இறங்குகிற வகையானால் இன்னும் 50 கிலோ சலுகை, அதாவது 650. நம் அம்பாசிடர் கார் வெறும் வண்டியாகவே இதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும்! லைசென்ஸுக்குக் குறைந்தது 20 மணி நேரம் பறந்து பழகினால் போதும். விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனைகூட வேண்டாம், கார் ஓட்டும் லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் சரி. அப்போது பகலில் மட்டும்தான் ஓட்டலாம், கூட ஒரே ஒருவரை மட்டும் ஏற்றலாம். என் மகன் 20 மணியில் முடிக்கவில்லை, நாற்பதுக்கு மேல் ஆயிற்றாம். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

அவன் வாங்கியது சீரே என்ற ரகம். ஆர்லாண்டோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தவாரெஸ் என்று ஒரு சின்ன ஊர், டோரா ஏரிக்கரையில். 'அமெரிக்காவின் கடல்விமான நகரம்' என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்ட ஊர். அந்த விமானத்தைச் செய்த கம்பெனியும் அங்கேதான் இருந்தது. அலுமினியக் குழாய்ச் சட்டம், மேலே துணி போர்த்திய ரெக்கை, அடியில் படகு. இஞ்சின் நம் தலைக்குப் பின்னால் மேலே உட்கார்ந்திருக்கும். ரோட்டாக்ஸ் என்ற ஆஸ்திரிய இஞ்சின், கார் பெட்ரோலில் ஓடுகிறது. முக்கியமாக, இதற்குச் சக்கரம் உண்டு. தரையில் இறங்கச் சக்கரத்தைக் கீழே விடலாம், தண்ணீரில் இறங்க மேலே தூக்கிக்கொள்ளலாம். ஆமை மாதிரி இரண்டுக்கும் பொது. மார்பளவுத் தண்ணீரில் நின்று சக்கரம் மாட்ட ஆட்கள் தேவையில்லை.

என் மனைவிக்கு மருமகள் விஷயத்தை உடைத்தபோது ஒரு பெரிய புயலே அடித்தது. 2017 நவம்பரில் ராய் ஹாலடே என்ற பிரபல பேஸ்பால் ஆட்டக்காரர் இதே ஃபுளோரிடாவில் இதே மாதிரி இரட்டை வாழ்வு விமானத்தில், அதுவும் தனியாக ஓட்டிப்போய், கடலில் விழுந்து இறந்த செய்தியை மருமகளே எடுத்துக் காட்டினாள். அவளுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது, மாமியார் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்! "அது வேற கம்பெனி, அவர் தண்ணிக்கு மேல ரொம்பத் தாழப் பறந்து சாகசம் பண்ணார்" என்று மகன் விளக்கினான். "விழுந்தா எந்தக் கம்பெனியா இருந்தா என்ன?" என்றாள் இவள். நியாயமான கேள்விதான்.

மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. நாலாம் நாள் நான் சொன்னேன், "நான் அவன்கூடப் போய் உக்காந்து பாக்கறேன். எனக்குச் சரின்னு படலைன்னா நானே நிறுத்தச் சொல்றேன்." எழுபத்து நாலு வயசுக் கிழவனுக்கு என்ன தெரியும் என்று அவள் கேட்கவில்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசி, மகனுக்கும் பூசினாள்.

காலை ஏழரை மணி. ஒரு புல் ஓடுபாதையிலிருந்து கிளம்பினோம். மிதவைச் சட்டை மாட்டிவிட்டான். சீட் பெல்ட்டை எப்படிக் கழற்றுவது, தலைகீழாகக் கவிழ்ந்தால் முதலில் எதைப் பிடித்துக்கொள்வது என்று இரண்டு தடவை சொல்ல வைத்தான். "கவிழுமா?" என்றேன். சுற்றி வளைக்காமல் சொன்னான்: "சக்கரத்தை மறந்து கீழ விட்டுட்டுத் தண்ணியில எறங்கினா கவிழும்பா. இந்த ரகத்துல பெரிய ஆபத்தே அதுதான். தரையில சக்கரம் இல்லாம எறங்கினா அடி தேயும், அவ்ளோதான். தண்ணியில சக்கரத்தோட எறங்கினா மூக்கு குத்தி மல்லாக்கப் போட்டுடும்." அதனால் ஒவ்வொரு தடவையும் இறங்குமுன் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம்: இது தண்ணீர், சக்கரம் மேலே. என் பக்கத்துச் சக்கரத்தை நான் கண்ணால் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு வேலை கொடுத்தான், அது நல்லதாயிற்று.

இன்னொன்றும் சொன்னான். இஞ்சின் தலைக்கு மேலே இருப்பதால், வேகம் கொடுத்தால் மூக்கு கீழே அழுத்துமாம், குறைத்தால் தூக்குமாம். மற்ற விமானத்தில் பழகியவர்களுக்கு இது தலைகீழ். அதனால்தான் நாற்பது மணி.

மேலே போனதும் பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். கால் கட்டை விரலை அழுத்திக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் கீழே பார்த்தால் ஏரி, ஏரி, ஏரி! ஒன்றோடொன்று வாய்க்காலால் கோத்தது மாதிரி. நம் தென்னார்க்காட்டில் சங்கிலி ஏரிகள் இருக்கின்றனவே, மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்கு வருவது, அதை ஆகாயத்திலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. ஆனால் என் கண்ணுக்கு ஒரு மதகு தெரியவில்லை, ஒரு ஆயக்கட்டு தெரியவில்லை. தண்ணீர் சும்மா கிடக்கிறது. பாசனக்காரனுக்கு வயிறு எரியாதா?

ஒரு சின்ன ஏரிக்கு மேலே வந்து தாழ இறங்கினான். ஆள் நடமாட்டமில்லை, காற்றில்லை. ஏரியில் மேகம் அப்படியே தெரிந்தது. மேலும் மேகம், கீழும் மேகம்.

"அப்பா, நீங்க ஏரி ஆபீசர்தானே? தண்ணிக்கும் நமக்கும் எவ்ளோ அடி, சொல்லுங்க பாக்கலாம்."

பார்த்தேன். "முப்பது அடி இருக்கும்."

"நூறுக்கு மேல இருக்குப்பா" என்று கடிகாரத்தைக் காட்டினான். மறுபடி பார்த்தேன். முப்பது என்று நினைத்துப் பார்த்தால் முப்பதாகத் தெரிந்தது, நூறு என்று நினைத்துப் பார்த்தால் நூறாகத் தெரிந்தது. முப்பத்தாறு வருஷம் தண்ணீர் அளந்தவனுக்குத் தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

"இதுக்குக் கண்ணாடித் தண்ணின்னு பேரு" என்றான். "அலை இருந்தா கண்ணுக்குப் பிடி கிடைக்கும். இப்ப எதுவும் கிடைக்காது. தண்ணி இன்னும் கீழ இருக்குன்னு நெனச்சி வேகமாப் போய் மோதிடுவாங்க. இல்லன்னா வந்துட்டோம்னு நெனச்சி அந்தரத்துலேயே வேகத்தைக் குறைச்சி விழுந்துடுவாங்க. அனுபவஸ்தர்களே விழுந்திருக்காங்க."

எனக்குக் காதில் இஞ்சின் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது.

அவன் ஏரி நடுவில் இறங்கவில்லை. கரையோரம் கோரை வளர்ந்திருந்த பக்கமாகப் போனான். கோரையைப் பார்த்தால்தான் உயரம் தெரியும் என்றான். இது தண்ணீர், சக்கரம் மேலே. நானும் பார்த்துச் சொன்னேன், மேலே. மூக்கைச் சற்றே தூக்கி வைத்துக்கொண்டு, இஞ்சினை அணைக்காமல், நிமிஷத்துக்கு நூற்றைம்பது அடிதான் இறங்கும்படி அப்படியே விட்டான். எப்போது தொடும் என்று அவனுக்கும் தெரியாது. தொட்டபோது தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. சரளைக்கல் ரோட்டில் சைக்கிள் போகிற மாதிரி ஒரு சத்தம். வேகம் குறைந்து படகாக உட்கார்ந்தது. இஞ்சினை நிறுத்தி, மேல் கண்ணாடியைப் பின்னால் தள்ளினான். ஒரு நாரை நின்றிருந்தது, அதுகூடப் பறக்கவில்லை.

"அந்தக் காலத்துல பெரிய பறக்கும் படகுங்க எறங்கறப்போ, கண்ணாடித் தண்ணியா இருந்தா முன்னாடியே ஒரு மோட்டார் போட்டை விட்டுக் கலக்கி விடுவாங்களாம்பா. அந்த அலையைப் பாத்துத்தான் எறங்குவாங்களாம்."

"யார் சொன்னது?" என்றேன்.

"பாடத்துலயே சொல்லிக் குடுப்பாங்களே."

"உங்க தாத்தா சொன்னாரா?"

"தாத்தாவா?" என்று திரும்பிப் பார்த்தான். "தாத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

தாத்தா சாகும்போது அவனுக்குப் பத்து வயது. மடியில் உட்கார்ந்து எத்தனையோ கதை கேட்டவன். இந்தக் கதை மட்டும் அவனுக்கு வந்து சேரவில்லை. நடுவில் நான் இருந்தேன்.

அந்த ஏரியில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்று மேட்டில் நான் சொன்ன வார்த்தை வரைக்கும். அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கிளம்பலாமாப்பா?" என்றான். கிளம்பவும் அந்தத் தண்ணீர் விடவில்லை. ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படித் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடினால்தான் எழும்ப முடியும். அதற்கென்று படகின் அடியில் படி மாதிரி ஒரு வெட்டு இருக்கிறது. தண்ணீர் சலனமில்லாமல் இருந்தால் அடியைப் பிடித்துக்கொண்டு விடாதாம். அதனால் இரண்டு வட்டம் போட்டு ஏரியைக் கலக்கினான். எழுந்த அலைக்குள் ஓட்டி எழும்பினான். கண்ணாடித் தண்ணியில எறங்கவும் மாட்டான், எழும்பவும் மாட்டான். நைனா இரண்டையும்தான் சொல்லியிருந்தார்.

கரையில் நின்றவளிடம், "ஓட்டட்டும், ஜாக்கிரதையாத்தான் ஓட்டறான்" என்றேன். நான் அழுதிருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். அதைச் சமாளிக்கத்தான் நேரமாயிற்று.

ஊருக்கு வந்ததும் பேத்தி வயதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள், இந்த மாதிரி நம்ம ஊருக்கு வராதா தாத்தா, வீடூர் அணையில் இறங்காதா என்று. பெரிய அளவில் முயன்று பார்த்திருக்கிறார்கள். அந்தமானில் 2010 கடைசியில் ஜல் ஹன்ஸ் என்று ஆரம்பித்தார்கள், நிலைக்கவில்லை. கேரளத்தில் 2013 ஜூனில் அஷ்டமுடிக் காயலில் விழா எடுத்தார்கள். ஆலப்புழைப் பக்கம் மீனவர்கள் படகோடு வந்து மறித்ததில் முதல் நாளே நின்றது. 2020 அக்டோபர் 31ஆம் தேதி சபர்மதி ஆற்றிலிருந்து படேல் சிலைக்கு விட்டார்கள், அடுத்த வருஷமே நின்றுபோயிற்று. 2024 நவம்பரில் மறுபடி கொச்சியிலிருந்து மாட்டுப்பெட்டி அணைக்குச் சோதனையாக ஒன்று பறந்து இறங்கியது. இதெல்லாம் பயணிகள் விமானம். தன் ஆசைக்கு ஒருவன் ஏரியில் இறக்கி ஏற்றுவது நம் ஊரில் நடக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. நம் ஏரியில் வருஷத்தில் ஆறு மாசம் மாடு மேய்கிறது. தண்ணீர் இருக்கிற ஆறு மாசமும் மீன் குத்தகைக்காரன், ஆயக்கட்டுக்காரன், துணி துவைக்கிறவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அவர்களை விலகச் சொல்லிவிட்டு ஒருவன் விளையாட்டுக்கு இறங்குவது எனக்கே ஒப்பவில்லை. ஃபுளோரிடாவில் தண்ணீர் சும்மா கிடக்கிறது, அங்கே அது சரி.

கடைசியாக ஒன்று. எனக்குப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரை நிலைக்க வைத்தவன், முன் பெஞ்சில் உட்கார்ந்து உரக்கச் சிரித்தவன், இப்போதும் செஞ்சியில்தான் இருக்கிறான். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆகி, திண்டிவனம் ரோட்டில் மகனுடைய உரக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். அமெரிக்காவிலிருந்து வந்த முதல் வாரமே போனேன். செல்ஃபோனில் கேட்டலினா படத்தைக் காட்டினேன், ரெக்கை நுனியில் மடிகிற மிதவையையும் காட்டினேன். கண்ணாடித் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படுவான் என்று எதிர்பார்த்தேன்.

"இதான் அந்தக் கட்டையா?" என்று படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தான். "உங்க நைனா சொன்னாப்லயேதான் இருக்கு."

"உனக்கு எப்ப சொன்னார்?"

"நீ பாலிடெக்னிக் படிக்கப் போன பிறகு. சாயங்காலமானா ஏரிக்கரையில உக்காந்துப்பாரு. நாங்க நாலஞ்சு பேர் போவோம். விடாம சொல்லுவாரு. ராத்திரியில ஏரியில வரிசையா வெளக்கு மிதக்க வுட்டு அதுக்கு நேரா எறங்கறது, ஒரு தடவை கயிறு அறுந்து கப்பல் தானா கரைக்கு மிதந்து வந்தது, எல்லாம் சொல்லுவாரு." கொஞ்சம் நிறுத்தினான். "உன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கடான்னுவாரு. படிக்கிற புள்ள, வருத்தப்படுவான்னு."

மிதக்கும் விளக்கு வரிசை எனக்குத் தெரியாது. கயிறு அறுந்ததும் தெரியாது.

இப்போது வாரத்துக்கு ஒருநாள் அந்த உரக்கடைக்குப் போகிறேன். கூட்டமில்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போனால் அவன் ஞாபகம் வருவதை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். நோட்டில் எழுதிக்கொள்கிறேன். இதுவரை பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகன் ஃபோன் பண்ணும்போது அதைப் படித்துக் காட்டுகிறேன்.